பதினொரு போத்தல்களும் ஒரு கையெழுத்தும்

மஞ்சு தவழும் மலைமுகட்டில் மனம் தளராது, மழையென்றும் பனியென்றும் பாராது, முப்பத்து மூன்று ஆண்டுகள் எம் மக்களின் குருதியையும் நீரையும் கூர்ந்து நோக்கி, நோயின் பெயரை எவருக்கும் முன்னே அறிந்து, அறிந்ததை உரியவர் காதில் மெதுவாகச் சொல்லி, அகவை அறுபது நிறைந்து இன்று அரச பணியிலிருந்து விடைபெறும் எங்கள் வைத்தியசாலையின் முதுநிலை ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், உயர்திரு கந்தப்பன் கஜேந்திரன் அவர்களே!

நுண்ணோக்கி வழியே நோய் நோக்கிய நுண்மதியாளரே! துளிக் குருதியில் துயர் கண்டு துடித்த தூயவரே! காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தால் கடைசி நோயாளி கையில் அறிக்கை சேரும்வரை கதிரையில் அமராத கடமைச் செல்வரே! உங்கள் உடன் பணியாளர்களாகிய எங்களின் வணக்கம்.

உங்களைப் பற்றி நல்லது எழுத நாங்கள் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. நீங்கள் இங்கே வந்த நாளில் ஆய்வுகூடம் என்பது மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு மேசை, அதன் மேல் கையால் சுற்றும் ஓர் இயந்திரம், அவ்வளவுதான். இன்றுள்ள நான்கு அறைகளும் நீங்கள் மேலிடத்துக்கு எழுதி எழுதிச் சலிக்காத கடிதங்களால் எழுந்தவை. கொரோனா காலத்தில் முப்பத்தொன்பது நாள் வீட்டுப் பக்கம் போகாமல் அந்த அறைகளில் ஒன்றிலேயே படுத்து எழுந்தீர்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்களுக்காகச் சிறுநீர்ப் போத்தல்களின் மேல் பேனாவால் ஒரு சூரியனை வரைந்து, காலையில் முதலில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லாமல் சொன்னீர்கள். அந்தச் சூரியன் எப்போதும் கோணலாகவே இருந்தது என்பதையும் இவ்விடத்தில் அன்போடு பதிவு செய்கிறோம்.

இந்தப் போக்கிலேயே இரண்டு முழுப் பக்கங்கள் எழுதி முடித்திருந்தோம். எழுதியவர் குருதிச் சுத்திகரிப்புப் பிரிவின் தாதி ஜெயந்தினி. எழுத்துப் பிழை பார்த்தவர் மருந்தாளர் நஸார். கண்ணாடிச் சட்டம் போட டிக்கோயாவில் கடையும் பேசியாயிற்று. பெயர், திகதி சரியா என்று பார்த்துத் தரும்படி போன திங்கட்கிழமை உங்களிடம் கொடுத்தோம். விளிகளைப் படித்தபோது சிரித்தீர்கள். இரண்டாம் பக்கத்தில், 'முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் பிழையான அறிக்கையில் ஒப்பமிடாத பெருந்தகை' என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. பென்சிலை எடுத்து அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டீர்கள்.

"மிஸ், இத கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டப் போறீங்க. நான் போன பொறகும் இது இருக்கும். இந்த வரிய வெட்டிருங்க. நடந்தத நான் சொல்றேன், அத எழுதுங்க. எழுதி, அந்தப் புள்ள நிஷாந்தி காதுல விழுற மாதிரி சபையில வாசிங்க" என்றீர்கள்.

பிறகு ஒரு மணி நேரம் பேசினீர்கள். நீங்கள் சொன்னதை உங்கள் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்லும் துணிவு எங்களில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே, ஐயா, சற்று நேரம் உங்களை விட்டுச் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். இங்கிருந்து நீங்கள் எங்களுக்கு 'கஜேந்திரன்' மட்டுமே. பாராட்டு மடலில் இப்படிச் செய்வது வழக்கமில்லைதான். வழக்கப்படி எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வேண்டாமென்றுவிட்டாரே!

சபையோரே, இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு மாசி மாதத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு இந்தப் பக்கம் வந்தது. தோட்டத்துப் பெண்களுக்குச் சிறுநீரக நோய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். இரத்தம் எடுப்பதற்கு முன்பே, சிறுநீரை வைத்தே நோயை முளையில் கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தார்கள். அதற்கு அவர்கள் நம்பியது வளர்ச்சிக் காரணி என்ற ஒன்றை.

கஜேந்திரன் இதை நோயாளிகளுக்கு விளக்கும் விதமே தனி. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிக்குத் தளிர் விடு என்று உள்ளேயிருந்து ஒரு சொல் வருகிறதல்லவா, அதுபோலச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ளச் சொல்லி ஒரு பொருளைச் சுரக்கின்றன, அதுதான் வளர்ச்சிக் காரணி என்பார். நல்ல சிறுநீரகம் அதைத் தாராளமாகச் சிறுநீரில் விடும். சிறுநீரகம் நலிய நலிய அது குறையும். வயது ஏறினாலும் குறையும். மற்றச் சோதனைகள் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது குறைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

அதே பெயரில் இன்னொன்றும் உண்டு என்று சொல்லிக் குரலைத் தாழ்த்துவார். அழற்சி கண்ட இடத்தில் தழும்பு கட்டச் சொல்லும் வளர்ச்சிக் காரணி அது. முழங்காலில் காயம் பட்டால் தழும்பு கட்டுவது நல்லது. சிறுநீரகத்தில் அழற்சி ஓயாமல் இருந்தால் அந்தக் கட்டளையும் ஓயாது. தழும்பின் மேல் தழும்பு கட்டி, வடிகட்ட வேண்டிய இடமெல்லாம் நாராகிப் போகும். நாரானது திரும்பாது. அந்தக் கட்டளையைக் கொஞ்சம் அடக்கி வைக்க ஒரு சாதாரண மாத்திரை இருக்கிறது, இரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பதேதான், நஸாரின் அலமாரியில் என்றும் தீராதது. ஆனால் அதை நாராவதற்கு முன்னால் தொடங்க வேண்டும். முன்னால் என்ற அந்த ஒரு சொல்லில்தான் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது.

வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் நாற்பது வயதைக் கடந்த பெண்கள் பதினொரு பேர். பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் பதியும் இடத்தில், மாலை நேரம் அவர்கள் கையில் ஆளுக்கொரு போத்தல் கொடுக்கப்பட்டது. கோணல் சூரியன் போட்ட போத்தல்தான். மறுநாள் காலை அதே களத்தில் திருப்பித் தர வேண்டும்.

போத்தல் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சும் போய்ச் சேர்ந்துவிட்டது. யாருடைய சிறுநீர் கெட்டிருக்கிறதோ அவளைக் கொழுந்து பறிப்பதிலிருந்து எடுத்துவிடுவார்கள், அரைநாள் கூலிக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பிறகு மெல்ல வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அப்படியொன்றும் சொல்லவில்லை. போத்தல் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். பட்டியல் என்றாலே யாரையோ வெளியேற்றத்தான் என்று கண்டு வந்த மக்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி அம்மாக்கண்ணு. வயது நாற்பத்தேழு. கணவர் இறந்து ஆறு வருடம். மாலையில் கால் வீங்கி இரண்டு மாதமாக யாருக்கும் சொல்லாமல் தடித்த காலுறை போட்டு மறைத்துக்கொண்டிருந்தாள். மலையில் கழிப்பறை இல்லாததால் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்று பழக்கிக்கொண்டவள். அது அவளுக்கு மட்டுமான பழக்கமும் இல்லை, இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததே. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அன்று மாலை அவள் அழுதாள்.

அவளுடைய மகள் நிஷாந்திக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த பெண், துடிப்பானவள். "எனக்கு ஒரு நோவும் இல்ல, என்னோடத ஊத்திக் குடுத்தா யாருக்குத் தெரியப் போவுது" என்று சொன்னது அவள்தான். தாய்க்குச் செய்தால் போதுமென்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி தனக்கும் கேட்டாள். அவளுக்கு அடுத்தவளும் கேட்டாள். காலையில் ஒரு பால்மா டின்னில் பிடித்துப் பதினொரு போத்தல்களிலும் அளவாக ஊற்றிக் கொடுத்தாள் நிஷாந்தி. அன்று பெரட்டுக்குப் போன பெண்கள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனார்களாம். பயம் தெளிந்த சிரிப்பு.

போத்தல்கள் கஜேந்திரனின் மேசைக்கு வந்தன. வளர்ச்சிக் காரணியை அளப்பது பல்கலைக்கழகத்தின் வேலை, மற்றச் சோதனைகள் இவருடைய வேலை. பதினொன்றும் ஒரே நிறம். அடர்த்தி ஒன்று. உப்புக்களின் அளவு பதினொன்றிலும் ஒன்று. இரண்டு கிழமை கழித்து வளர்ச்சிக் காரணியின் அளவுகளும் வந்தன. அவையும் ஒன்றே. அதுவும் எப்படி? நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிய, பிள்ளை பெற்று மலை ஏறி உழைத்து ஓய்ந்த பெண்களின் சிறுநீரில் இளம்பெண் ஒருத்தியின் அளவு. ஒருத்திக்கு என்றால் அதிசயம் எனலாம். பதினொரு பேருக்கும் அதிசயம் நடக்காது. அந்த நிமிடமே அவருக்குப் புரிந்துவிட்டது.

புரிந்ததை எழுதவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டோம். அவர் லயத்தில் பிறந்தவர். அவருடைய தாயும் கொழுந்து பறித்தவர், காய்ச்சலோடு பெரட்டுக்குப் போனவர். பிழை என்று எழுதினால் ஆராய்ச்சிக் குழு தோட்டத்தைக் கேட்கும், தோட்டம் அந்தப் பெண்களைக் கேட்கும், பதினொரு பேரும் தலை குனிந்து நிற்பார்கள். நம் பெண்களை நானே காட்டிக் கொடுப்பதா என்று நினைத்தார். வெளியூர்க்காரர் ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் யோசிக்காமல் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார். அந்தப் பெண்களுக்குச் சொந்தமான ஒருவர் இருந்ததால்தான் அது நடக்கவில்லை. இதை எழுதும்போது எங்களுக்கு நெஞ்சு எரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அங்கிருந்து நாற்பது நிமிடம் நடந்து மேற்பிரிவுக்குப் போய், யாருக்கும் தெரியாமல் அந்தப் பெண்களிடம் மறுபடி கேட்டு வாங்கி வரலாம் என்று திட்டம் வைத்திருந்தாராம். முதல் ஞாயிறு அடைமழை. அடுத்த ஞாயிறு உறவில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த செவ்வாய் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு ஆள் வந்துவிட்டது. போட்டார்.

மேற்பிரிவில் நோய் இல்லை என்று அறிக்கை போனது. சிறுநீரில் குறை தெரிந்தவர்களுக்கு மட்டுமே இரத்தம் எடுப்பது என்பது அந்தக் குழுவின் ஒழுங்கு. ஆகவே அம்மாக்கண்ணுவின் கையில் யாரும் ஊசி ஏற்றவில்லை. குழு வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டது. அவளுடைய சிறுநீரகத்துக்குள் தழும்பு கட்டும் கட்டளை மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் ஐந்து வருடம் தன் வேலையைப் பார்த்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற மாதங்களில், மூச்சு வாங்க வாங்க அவளைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வளையல் போட முடியாத அளவுக்குக் கை வீங்கியிருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடந்தன. அன்றைக்கே குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் போட்டோம். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பெயரையும் தோட்டத்தையும் பிரிவையும் பார்த்த கஜேந்திரன் ஆய்வுகூடக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. காரணம் அன்று எங்களுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கிழமைக்கு இரண்டு நாள் அம்மாக்கண்ணு எங்களோடு இருந்தாள். சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு, தோட்டத்து உதவி அதிகாரியைக் கூப்பிடுவதுபோல, 'சின்னத் துரை' என்று பெயர் வைத்தவள் அவள். இந்தத் துரை நான்கு மணி நேரம்தான் வேலை வாங்குகிறார், படுத்துக்கொண்டே செய்யலாம், கண்டாக்கு தொல்லையும் இல்லை என்று பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைப்பாள். கஜேந்திரன் அவளுக்கு இரத்தம் எடுக்க வேறு யாரையும் விடமாட்டார். அவர் கை வலிக்காத கை என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். அதைக் கேட்கும்போது அவர் முகம் போன போக்கு எங்களுக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இருபத்து நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் நிஷாந்தி ஒரு முடிவோடு வந்தாள். உயர்தரத்தில் தேறியிருந்தும் மேலே படிக்காமல், தாய் விழுந்த பிறகு தாயின் பேரில் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். தன் சிறுநீரகம் ஒன்றைத் தாய்க்குக் கொடுக்க வேண்டும் என்றாள். இரத்த வகை பொருந்தியது. வைத்தியர் சம்மதித்தார். அம்மாக்கண்ணு மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று சண்டை பிடித்துக் கடைசியில் இணங்கினாள். கண்டிக்கு அனுப்புமுன் முதற்கட்டப் பரிசோதனைகளை இங்கேயே செய்தோம். நிஷாந்தியின் போத்தலைக் கஜேந்திரனே வாங்கினார்.

நுரை தணியவில்லை. புரதம் போய்க்கொண்டிருந்தது. இரத்தத்தில் கழிவின் அளவும் ஏறியிருந்தது. நம்ப முடியாமல் தன் சொந்தப் பொறுப்பில் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மாதிரி அனுப்பினார். பதினேழாம் ஆண்டில் பதினொரு பெண்களுக்குப் போதுமாக இருந்த அந்த வளர்ச்சிக் காரணி, அவளுடைய இருபத்தாறாவது வயதில் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. தாயிடமிருந்து வந்ததா, இடையில் வந்த எலிக்காய்ச்சலாலா, தண்ணீர் குடிக்காமல் மலையில் நின்றதாலா என்று வைத்தியர்களாலும் சொல்ல முடியவில்லை. கொடுக்க வந்தவளுக்கே நோய். கொடுக்க முடியாது.

ஜன்னலோரத்து வாங்குப் பலகையில் உட்கார வைத்து இதை அவளிடம் சொன்னவர் கஜேந்திரன். அவள் அழவில்லை. இப்படிச் சொன்னாள்:

"சார், அன்னைக்கு அந்தப் போத்தல் எல்லாத்துலயும் ஊத்துனது நான் தான். அப்ப என்னோடது நல்லா இருந்துச்சு. அத வச்சு எங்கம்மாவோட நோவ மறைச்சிட்டேன். இப்ப குடுக்கலாம்னு வந்தா ஒண்ணுமில்லாம போச்சு."

எனக்கு அன்றே தெரியும், தெரிந்தும் கையெழுத்துப் போட்டவன் நான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பிழை உன்னுடையது என்றால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது என் வேலை, அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொல்லியிருக்கலாம். கஜேந்திரன் சொன்னது வேறு. "சாப்டியாம்மா?" என்று கேட்டாராம். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். ஏழு வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்தைவிட அந்த ஒரு கேள்விதான் தன்னைத் தூங்க விடுவதில்லை என்று எங்களிடம் சொன்னார்.

அம்மாக்கண்ணு அந்த வருடம் ஐப்பசியில் இறந்தாள். நெருப்புக்குக்கூட இடம் கொடுக்காத மழையில் மண்ணில்தான் புதைத்தோம். கஜேந்திரன் குடையில்லாமல் நின்றதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

அதன் பிறகு நிஷாந்தி கிளினிக்குக்கு வரவில்லை. ஒன்பது மாதமாயிற்று. தாய்க்குக் கிடைக்காமல் போன அந்த முன்னால் என்ற காலம் இவளுக்கு இன்னும் கையில் இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, உப்பைக் குறைத்து, மூன்று மாதத்துக்கொரு முறை வந்து காட்டிப் போனால் பதினைந்து வருடம், அதற்கு மேலும், இயந்திரம் இல்லாமல் இருக்கலாம் என்கிறார் வைத்தியர். போடாவிட்டால் மூன்று வருடம் தாங்காது என்கிறார். ஆள் மேல் ஆள் அனுப்பினோம். தாயைக் கொன்றவளுக்கு என்ன மருந்து என்று கேட்டு அனுப்பினாள்.

இதற்காகத்தான் கஜேந்திரன் இந்த மடலைத் திருத்தச் சொன்னார். குற்றத்தில் பெரிய பங்கு தன்னுடையது என்று சபை நடுவே வாசித்தால், அவள் தன் பங்கை இறக்கி வைத்துவிட்டு மருந்துக்கு வருவாள் என்று நம்பினார். நாங்களும் நம்பினோம்.

ஒரு பெண்ணின் பெயரைச் சபையில் வாசிப்பதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டுமல்லவா? போன சனிக்கிழமை ஜெயந்தினியும் நஸாரும் மேற்பிரிவுக்குப் போனார்கள். நஸார் இரண்டு மாத மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டார். லயத்து வாசலில் இருவருக்கும் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு அவள் நிலையில் சாய்ந்து நின்றாள். முகம் கொஞ்சம் உப்பியிருந்ததை ஜெயந்தினி கவனித்தார். இதுவரை நீங்கள் கேட்டதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள். அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"சாருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது மிஸ். பாவம், அவரும் இத்தன வருசமா சுமந்திருக்காரு. எம் பேரப் போட்டே வாசிங்க, பரவால்ல. ஆனா நாங்க ஏன் பயந்தோம்கிறத வெட்டாம எழுதுங்க. அந்தப் பட்டியல எழுதுங்க."

எழுதியிருக்கிறோம் என்று ஜெயந்தினி சொன்னார். அப்படியென்றால் சாரை மன்னித்துவிட்டாயா என்று நஸார் கேட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க. நெசமாத்தான். அவருக்கு நான் குடுத்துர்றேன் நஸார் நானா, எனக்கு யாரு குடுப்பா? குடுக்க வேண்டியவங்க மண்ணுக்குள்ள இருக்காங்க."

நஸார் பொட்டலத்தை நீட்டினார். அவள் அதை வாங்கி, பிரிக்காமல், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் மரியாதையாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தேநீர்க் கோப்பைகளைக் கழுவ உள்ளே போனாள். அவர்கள் பொட்டலத்தோடு மலை இறங்கினார்கள்.

ஐயா, கஜேந்திரன் அவர்களே! மறுபடி உங்களிடம் வருகிறோம். அவள் மருந்துக்கு வர வேண்டும் என்று கேட்டீர்கள், நாங்கள் மன்னிப்பைக் கொண்டுவந்திருக்கிறோம். அது உங்களுக்கு எதற்கும் ஆகாது என்று எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கொடுத்தனுப்பியவள் மனதாரக் கொடுத்தாள், ஆகவே சபை அறிய ஒப்படைக்கிறோம். உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்து உங்களை வாழ்த்தினால் அது உங்களுக்குச் செய்யும் அவமரியாதை. கோபத்தோடும் நீங்கள் எங்களுக்கு வேண்டியவர். முப்பத்து மூன்று ஆண்டுகளில் உங்கள் மேசையைக் கடந்து போய் இன்று உயிரோடு நடமாடும் ஆயிரமாயிரம் பேர் இந்த மலைகளில் இருக்கிறார்கள் என்பதும், ஒருத்தி இல்லை என்பதும், இரண்டுமே உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

பாசமிகு பண்பாளரே! பிழையைப் பிழையென்று பலர் நடுவே சொல்லத் துணிந்தவரே! உடல் நலத்தோடும் தெளிந்த மனத்தோடும் நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும் என்று இந்த மலையைக் காக்கும் தெய்வங்கள் அனைத்தையும் வேண்டுகிறோம். உங்களுக்காக வேண்டுவது எங்களுக்குச் சுலபம். நீங்கள் வாழ விரும்புகிறீர்கள்.

நிஷாந்தி, இந்த மண்டபத்தில் எங்கேயாவது நீ உட்கார்ந்திருக்கிறாயா என்று, இதை எழுதும்போது எங்களுக்குத் தெரியாது. இருந்தால் கேள். உன் அம்மா கடைசியாக இயந்திரத்தில் படுத்திருந்த அன்று ஜெயந்தினியிடம் ஒன்று சொன்னாள். சாவு வீட்டில் இதைச் சொல்லி உன்னை மேலும் அழவைப்பானேன் என்று நாங்கள் இத்தனை நாள் வாய் மூடி இருந்துவிட்டோம். எங்கள் பங்குக்கு நாங்களும் பேசாமல் இருந்தவர்களே. அவள் சொன்னது இதுதான்: "ஊத்துனது புள்ள, ஊத்தச் சொல்லி அழுதது நானு. அவ மாத்திரைய மட்டும் விட்டுறாம பாத்துக்கங்க மிஸ்."

நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளினிக்.

இங்ஙனம்,
ஆறாத துயரோடும் குறையாத அன்போடும்,
ஜெயந்தினி, நஸார் மற்றும் வைத்தியசாலைப் பணியாளர்கள் அனைவரும்
ஆடி, 2025